என்ன சீர் வேண்டும்

மூன்றாவது பாட்டின் சரணத்தில்தான் வித்யாஸ்ரீ தன் அண்ணனைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் ஒரு வரியை அப்படியே விழுங்கிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் அது தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கொல்லிமலையில் ஒரு ரிசார்ட் பாரில் உட்கார்ந்து மிளகுக் கோழியைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் வரி விட்டுப்போனதையா கவனிக்கப் போகிறார்கள். கீபோர்டு முரளி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைத் தன் விரல்களால் நிரப்பி ஒப்பேற்றினான். அவன் சேலத்துக்காரன். கல்யாணக் கச்சேரிகளில் இதைவிடப் பெரிய ஓட்டைகளை எல்லாம் அடைத்தவன்.

பூபதி கதவோரத்து மேஜையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான். முன்னால் ஒரு லெமன் சோடா, தொடப்படாமல். அவன் குடிக்க மாட்டான். பீடி, சிகரெட் கிடையாது. மலையடிவாரத்தில் அவர்கள் ஊரான முள்ளுக்குறிச்சியில் அவனைப் பற்றிக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்கள், தங்கமான பையன் என்று. தங்கமான பையன்களுக்குத் தங்கச்சியாகப் பிறந்து பார்த்தவர்களை யாரும் கேட்பதில்லை.

வீட்டில் அவள் சொல்லியிருந்தது, ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை என்று. அது பொய்யும் இல்லை. பகலெல்லாம் ரிசப்ஷனில்தான் நிற்பாள், வருகிறவர்களின் ஆதார் கார்டை வாங்கி ஜெராக்ஸ் எடுப்பாள், எந்த அருவிக்கு எத்தனை படி என்று சொல்லுவாள். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம், ஸ்டாஃப் ரூமிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அதுவும் உண்மைதான். அந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் சாயங்காலம் ஒன்று இருந்தது. பொழுது இறங்கியதும் புடவையை மாற்றி, பார் மூலையில் ஒரு முழ உயர மேடையில் ஏறி, பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடுவாள். வாசலில் ‘லைவ் மியூசிக்’ என்று பச்சை விளக்கில் எழுதியிருக்கும். ஒன்பது மாதமாக நடக்கிறது. இந்த ஒன்பது மாதத்தில் அவள் நிம்மதியாகப் பாடிய பாட்டு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நெஞ்சு ஒருதரம் நின்று ஓடும்.

அவள் சும்மா பயந்துகொள்கிற பெண் இல்லை. காரணம் இருந்தது. கல்லூரி விழாவில் அவள் பாடிய வீடியோ சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றியபோது, பூபதி அவள் போனை வாங்கி, நடந்து போய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தான். கத்தவில்லை. திரும்பி வந்து, மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே சொன்னான்.

“இன்னொருக்கா நாலு பேரு முன்னால வாயத் தொறந்து பாடுன, அப்பறம் பாடறதுக்கு வாய் இருக்காது கண்ணு.”

அவன் சொன்னதைச் செய்கிறவன். வரப்பை வெட்டினால் கையை ஒடிப்பேன் என்று பக்கத்துக் காட்டுக்காரனிடம் சொன்னான். ஒடித்தான். அந்தக் கேஸ் இன்னும் ராசிபுரம் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதே பூபதிதான், அவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தான். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவனும் அவன்தான். முழுக்கக் கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த வசதிகூட அவளுக்கு இல்லை.

இன்றைக்கு அவன் அவளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கிவிட்டால் பாட்டு அத்தோடு சரி. வேலை போகும், வாசல்படி தாண்ட முடியாது, ஆவணிக்குள் எவனாவது ஒரு மாப்பிள்ளை வந்துவிடுவான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மூன்றாவது பாட்டை முடித்தாள். கைதட்டினார்கள். கதவோரத்து மேஜையில் கை அசையவில்லை.

நாலாவது பாட்டைத் தொடங்கினாள். மேடை விளக்கு கண்ணில் அடித்ததால் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையும் மேஜைமேல் வைத்த இரண்டு கைகளும்தான் தெரிந்தன. அவன் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ஏறி, பார்க்கிங்கில் நின்ற பைக்குகள் எல்லாம் மறைந்துவிட்டன.

நாலாவது பாட்டோடு இடைவேளை. வித்யாஸ்ரீ மைக்கைத் தாங்கியில் மாட்டக்கூட நிற்காமல் சமையல்கட்டுக்குள் ஓடினாள். அங்கே கலைமணி கோழியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இதே மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதிக்காரி, நாற்பது வயது இருக்கும், இவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவளுக்குத் தனியாக ஒரு தட்டு எடுத்து வைக்கிறவள்.

“அந்த வெள்ளச் சட்டக்காரரு உனக்கு என்ன ஆவணும் கண்ணு?”

“அண்ணன்.”

கலைமணி கரண்டியை வைத்துவிட்டாள். “அப்பிடித்தான் நெனச்சேன். மூஞ்சி அப்பிடியே இருக்குது. சோடா கொண்டு போனப்பக் கேட்டாரு, இந்தப் புள்ள வாரா வாரம் பாடுதுங்களான்னு. எனக்குத் தெரியாதுங்கன்னுட்டேன்.”

“கோவமாக் கேட்டாருங்களாக்கா?”

“இல்ல. ரொம்பப் பொறுமையாக் கேட்டாரு. அதுதான் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.”

பின்கதவைத் திறந்து பார்த்தாள் வித்யாஸ்ரீ. கதவை ஒட்டி, ஒரு ஆள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு போகிற இடம் மட்டும் விட்டு, அவர்கள் வீட்டுப் பொலிரோ பிக்கப் நின்றது. பின்னால் காலி மரவள்ளிச் சாக்குகள். அவன் முன்கதவில் உட்கார்ந்து, பின்கதவில் வண்டியை நிறுத்தியிருக்கிறான். நிதானமாக யோசித்துச் செய்திருக்கிறான்.

மேனேஜர் மாதேஸ்வரன் கணக்கு கவுண்டரில் நின்றார். அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் அவளைப் பார்க்காமல் பில்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஃபேமிலி மேட்டரெல்லாம் இங்க வேண்டாம்மா. பாட்டு முடிஞ்சதும் வெளிய வெச்சுப் பேசித் தீத்துக்குங்க. இன்னிக்கு ஃபுல் ஹவுஸு.”

வெளியே வைத்துப் பேசித் தீர்ப்பது எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது. வித்யாஸ்ரீ திரும்ப மேடைக்கே வந்தாள். வெளிச்சமும் நாலு பேரும் இருக்கிற இடம் அது ஒன்றுதான். பாடிக்கொண்டிருக்கும்வரை அவளைத் தொட மாட்டான் என்று நினைத்தாள். பாடிக்கொண்டே விடியும்வரை நிற்க முடியுமா என்றும் ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது.

முரளி மெதுவான பாட்டு ஒன்றின் முன்னிசையை எடுத்தான். அவள் பல்லவியின் முதல் வரியைப் பாடியபோது பூபதி எழுந்தான். நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தான். சோடாவுக்கு நூறு ரூபாயை டம்ளரின் கீழ் செருகினான். நடக்கத் தொடங்கினான். வழியில் ஒரு பெங்களூர்ப் பையன் காலை நீட்டிக்கொண்டிருந்தான். பூபதி நின்று, அவன் காலை மடக்கும்வரை பொறுத்திருந்து, மறுபடி நடந்தான். வேட்டி மடிப்புக் கலையவில்லை. வித்யாஸ்ரீக்கு அடுத்த வரி மறந்துபோனது.

“முரளி, உடுக்கை போடு.”

“என்னது?”

“உன்ற கீபோர்டு பேட்ல உடுக்கைச் சத்தம் இருக்குதில்ல. போடு. சீக்கிரம்.”

அவர்கள் ஊர்க் காட்டுக்கோயிலில் சித்திரையில் படுகளம் நடக்கும். எல்லைச் சண்டையில் செத்துப்போன அண்ணன் தம்பி இருவரின் கதையை உடுக்கை அடித்துப் பாடுவார்கள். அவர்கள் சாய்கிற கட்டம் வந்ததும், கோயிலுக்கு விரதம் இருக்கிற ஆண்கள் நாலைந்து பேர் வெட்டிய வாழை மாதிரி சாய்வார்கள். மூச்சு மட்டும் இருக்கும். ஊசியால் குத்தினாலும் அசைவு இருக்காது. அப்புறம் பங்காளி வீட்டுச் சிறுமி ஒருத்தி தங்கச்சியாக நின்று, தண்ணீர் தெளித்துப் பாடி அவர்களை எழுப்ப வேண்டும். பூபதி பதினெட்டு வயதிலிருந்து வருஷம் தவறாமல் விழுகிறவன். வித்யாஸ்ரீ வயதுக்கு வருகிறவரை மூன்று வருஷம் எழுப்பியவள்.

அவர்களைச் சாய்க்கிற அந்தப் பாட்டைக் கோயிலுக்கு வெளியே முனகக்கூடக் கூடாது. பத்து வயதில் மாட்டுக் கொட்டகையில் ஒருமுறை விளையாட்டாக முனகினாள். உள்ளே பால் கறந்துகொண்டிருந்த பூபதியின் கையிலிருந்து சொம்பு விழுந்து உருண்டது. அவன் ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினான். பொத்திய கை கிடுகிடுவென்று நடுங்கியது. அவன் பயந்து அவள் பார்த்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

இப்போது அவன் மேடைக்கு நாலு எட்டு தள்ளி வந்துவிட்டான். முரளி ஒன்றும் புரியாமல் உடுக்கைச் சத்தத்தைப் போட்டான். வித்யாஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள். காலில் செருப்பு கிடந்தது, மூக்கில் பிராந்தி வாடை அடித்தது, தெய்வமே மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தொடங்கினாள்.

“பொழுதும் சாஞ்சிருச்சே – என் பொறந்தவனே
பூமி இருண்டிருச்சே
ஏறிப் போன குதிர ரெண்டும் – என் பொறந்தவனே
ஆளில்லாமத் திரும்பிருச்சே…”

ஹாலில் பேச்சு அடங்கியது. யாரோ ஒருவன் விசிலடித்தான். கண்ணைத் திறந்து பார்த்தபோது பூபதி நின்றுவிட்டிருந்தான். ஒரு கையை முன்னால் நீட்டி, வேண்டாம் என்பது போல விரல்களை விரித்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகாவது அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பயத்தில் இருக்கிறவர்கள் கையில் கிடைத்ததைத்தான் வீசுவார்கள். அது எங்கே போய் விழும் என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது அடியை ஒரு கட்டை மேலே ஏற்றிப் பாடினாள்.

பூபதியின் கண்மணி மேலே ஏறியது. முழங்கால் மடங்கவில்லை, உடம்பு வளையவில்லை. நின்றபடியே பின்னால் சாய்ந்தான். தலை தரையில் மோதிய சத்தம் உடுக்கைக்கு மேல் கேட்டது.

பிறகு கைதட்டினார்கள். அதுவரை அந்த மேடைக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மாதேஸ்வரன் ஓடி வந்து, “மட்டையாயிட்டாருப்பா, ரெண்டு பேரு புடிங்க” என்றார். பிடித்தவர்கள் தூக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். ஒருவர் சோடாவை முகத்தில் ஊற்றினார். இன்னொருவர் கன்னத்தைத் தட்டினார். பூபதி பாதிக் கண் திறந்தபடி, வெள்ளை மட்டும் தெரியக் கிடந்தான்.

வித்யாஸ்ரீ சமையல்கட்டு வழியாக ஓடினாள். பொலிரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைத் திணித்து வெளியே வந்தாள். புடவை கிழிகிற சத்தம் கேட்டது. மூட்டத்தில் கேட் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சோளக்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால் பஸ் ஏதாவது நிற்கும், இறங்கிவிட்டால் சேலம், சேலத்தில் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கிறாள் என்று அவசரம் அவசரமாக யோசித்தாள். அவன் எழுந்திருப்பதற்குள் போய்விட வேண்டும். அந்த நினைப்பு வந்த இடத்திலேயே அவளுக்குக் கால் நின்றுபோனது. அவன் எப்படி எழுந்திருப்பான்?

பின்னால் கலைமணி வந்துவிட்டாள். கையில் போன் வெளிச்சம்.

“ஏங் கண்ணு, நீ பாடுனது படுகளமா?”

அவள் தலையசைத்தாள்.

“எங்க நாட்டுலயும் உண்டு. ஒரு வருஷம் நடுவால பேய் மழை புடிச்சுக்கிச்சு. சனம் கலஞ்சு ஓடிருச்சு, ஒருத்தர மட்டும் எழுப்ப உட்டுட்டாங்க. வெடிஞ்சுதான் பாத்தாங்க. அவரு இன்னமும் இருக்கறாரு. உக்கார வெச்சா உக்காந்திருப்பாரு. நிக்க வெச்சா நிப்பாரு. சோத்த ஊட்டுனா முழுங்குவாரு.” கலைமணி மூச்சு வாங்கிக்கொண்டாள். “போறதுன்னாப் போ. நாந் தடுக்கல. எழுப்பறதுக்கு இங்க வேற ஆளில்ல, அதச் சொல்லலாம்னுதான் வந்தேன்.”

அதுவரை இருந்த பயம் வேறு. இப்போது வந்த பயம் வேறு. பூபதியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தானே சோறு பிசைந்து ஊட்டுவதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். வந்த வழியே ஓடினாள்.

செருப்பை மேடையோரம் கழற்றி எறிந்தாள். கூட்டத்தை இரண்டு கையாலும் தள்ளினாள். “போனைக் கீழ எறக்குங்க” என்று கத்தினாள், ஓரிருவர்தான் இறக்கினார்கள். கலைமணி ஒரு ஜக்குத் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கிக்கொண்டு வந்தாள். வேப்பிலைக்கு எங்கே போவது. சமையல்கட்டில் கிடந்த கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் கொடுத்தாள்.

வித்யாஸ்ரீ பூபதியின் தலைமாட்டில் மண்டி போட்டாள். நெற்றியைத் தொட்டால் பனியில் கிடந்த கல் மாதிரி இருந்தது. மைக் இல்லை, உடுக்கை இல்லை. முரளி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளுக்குக் குரல் வரவில்லை. வந்த காற்றை வைத்துக்கொண்டு தொடங்கினாள்.

“தண்ணி கொண்டாந்தேன் – என் பொறந்தவனே
தலமாட்டுல நிக்கிறேன்
கண்ணத் தொறந்து பாரு – என் பொறந்தவனே
கூடப் பொறந்தவ வந்திருக்கேன்…”

தெளித்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி பாடித் தெளித்தாள். மஞ்சள் நீர் அவன் காதோரம் வழிந்து தரையில் இறங்கியது. கோயிலில் முதல் தரமே எழுந்துவிடுவார்கள். ஒருமுறைகூட அவள் இரண்டாம் தரம் பாடியதில்லை. “பல்ஸ் பாருங்க, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க” என்று யாரோ சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வளைவெல்லாம் ஏறி வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்று கலைமணி முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று வித்யாஸ்ரீயின் மனசு அடித்துக்கொண்டது. அம்மாவிடம் என்ன சொல்வது. மூன்றாம் தரம் பாட்டே வரவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, “அண்ணா, எந்திரிங்கண்ணா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வலது கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. பூபதி யாரும் கை கொடுக்காமல், படுத்த உடம்பை அப்படியே நிமிர்த்தி உட்கார்ந்தான். கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை.

“என்ன சீர் வேணும், பொறந்தவளே?”

அது பூபதியின் குரல் இல்லை. சித்திரைக்குச் சித்திரை அவள் கேட்ட குரல்தான். எழுந்தவர் எழுப்பியவளுக்குச் சீர் கொடுக்க வேண்டும், அது வழக்கம். என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. தெளிந்த பிறகு எழுந்தவருக்குத் தான் பேசியது ஒன்றும் நினைவிருக்காது; இன்னது கேட்டாள், இன்னது கொடுத்தாய் என்று பக்கத்தில் நிற்கிற பூசாரி எடுத்துச் சொல்வார். சொன்னதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எந்தச் சிறுமியும் எதையும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று சொல்லித்தான் தலைமாட்டில் நிறுத்துவார்கள். அதற்கென்று பதில் ஒன்று உண்டு.

“சீரும் வேண்டாம், செனத்தியும் வேண்டாம். நீங்க எந்திரிச்சதே போதும்.”

மூன்று வருஷம் சொல்லிப் பழகிய வாய் அதைச் சொல்லிவிட்டது. வாய்ப் பழக்கம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவன் எழுந்ததே போதும் என்று உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நினைத்தாள்.

பூபதி கண்ணை மூடினான். தலை தொங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அவனிடம் எதையும் கேட்கிற ஒரே ஒரு நொடி வந்தது, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவன் கண்ணைத் திறந்தபோது பழைய பூபதியாக இருந்தான். நனைந்த சட்டையைப் பார்த்தான். மஞ்சள் தண்ணீரைப் பார்த்தான். சுற்றி நின்ற முகங்களையும் போன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கன்னத்தில் சதை துடித்தது. வித்யாஸ்ரீ மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்தாள். கலைமணி நீட்டிய ஜக்கை வாங்கி அவனிடம் கொடுத்தாள், கையை நீட்டி, எட்டத்தில் இருந்தபடி. அவன் குடித்தான்.

“எழுப்புனது நீயா?”

“ஆமாங்கண்ணா.”

“சாச்சுப் போட்டதும் நீதான்.”

அவன் கை தூக்கவில்லை. எதையோ தேடுவது போலச் சுற்றும் முற்றும் பார்த்தான். பூசாரியைத் தேடுகிறான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூசாரி எங்கிருந்து வருவார். வெயிட்டர்கள் நின்றார்கள், பெங்களூர்ப் பையன்கள் நின்றார்கள், மாதேஸ்வரன் நின்றார். பூபதி கடைசியில் அவளிடமே கேட்டான்.

“சீர் என்ன கேட்ட?”

தெய்வத்தின் பேரில் கேட்கிற கேள்வி அது. அவர்கள் வீட்டில் யாரும் அதற்குப் பொய் சொன்னதில்லை. சொன்னால் நாக்கு என்ன ஆகும், குரல் என்ன ஆகும் என்று சின்ன வயதில் அம்மா சொல்லியிருக்கிறாள். வித்யாஸ்ரீ கலைமணியைப் பார்த்தாள். கலைமணி எல்லாவற்றையும் கேட்டவள். அவள் கறிவேப்பிலைக் கொத்தைத் தரையிலிருந்து பொறுக்கி, இலை இலையாக உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. பின்கதவில் பொலிரோ நின்றது.

“பாடறதுக்கு உடுங்கன்னு கேட்டேங்கண்ணா.”

“நான் என்ன சொன்னேன்?”

“சரின்னு சொன்னீங்க.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். சின்ன வயதில் அவள் சொன்ன பொய் ஒன்றையும் அவன் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. இப்போதும் கண்டுபிடித்துவிடுவான், அடுத்த வார்த்தை அதுதான் என்று அவள் காத்திருந்தாள். பூபதி குனிந்தான். பார் தரையை, சோடாவும் மஞ்சளும் கலந்த ஈரத்தை, விரல்களால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கோயிலில் செய்கிற மாதிரியே செய்தான்.

“குடுத்தாச்சுன்னாக் குடுத்தாச்சு” என்றான்.

எழுந்தபோது கால் தடுமாறியது. அவள் தோளை ஒரு நொடி பிடித்துக்கொண்டு, உடனே விட்டுவிட்டான். கதவருகே போய் மாதேஸ்வரனிடம் நின்றான்.

“என்ற தங்கச்சிங்க. இருட்டுனப்பறம் ஸ்டாஃப் ரூமுக்குத் தனியா அனுப்பாதீங்க, கூட ஆள் போட்டு அனுப்புங்க.”

“கண்டிப்பாங்க” என்றார் மாதேஸ்வரன். அவன் வெளியே போனதும் வித்யாஸ்ரீயிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார், அடுத்த வாரமும் இந்த ஐட்டத்தை வைத்துக்கொள்ளலாமா என்று. அவள் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் கவுண்டருக்குப் போய்விட்டார்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. பயம் போய்விடும் என்று அவள் நினைத்தாள். இனி எந்தச் சனிக்கிழமையும் கதவைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டியதில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. இத்தனை வருஷம் அவன் கை ஓங்கிவிடுமோ என்று பயந்திருந்தாள். இப்போது அந்தக் கை தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. அவன் நம்பிவிட்டான். சித்திரையில் மறுபடி விழுவான். வேறொரு சிறுமி எழுப்புவாள். அவள் எதுவும் கேட்கவில்லை என்பது தெரிந்த அந்தக் குரல் மறுபடி வந்து கூட்டத்தைப் பார்க்கும்போது, அதில் அவளும் நின்றாக வேண்டும்.

கலைமணி துணி கொண்டு வந்து தரையைத் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததைத்தான் வித்யாஸ்ரீயால் தாங்க முடியவில்லை. கூட்டம் மறுபடி உட்கார்ந்து, தட்டுகளை இழுத்துக்கொண்டது. அடுத்து என்ன என்று முரளி கண்ணால் கேட்டான். வித்யாஸ்ரீ செருப்பைத் தேடாமல், வெறுங்காலோடு மேடையேறினாள்.